உட்கார்ந்தவருக்கு இடது பக்கம்

கண்டக்டருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் என்ன வார்த்தை தெரியுமா? "வேண்டாம்." பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனபோது வாயில் இருந்த பேச்சையெல்லாம் சேர்த்து அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் இதை மட்டும் கீழே போட்டுவிட்டுப் போயிருந்தது. "உள்ளே போங்க, உள்ளே போங்க, நடுவுல அவ்வளவு இடம் கிடக்குது" என்று ஒரு பேருந்துக் கூட்டத்தையே ஒற்றைக் குரலில் நகர்த்திய மனுஷன். படியில் தொங்குகிறவனைப் பேச்சாலேயே உள்ளே இழுத்துப்போட்ட வாய். இப்போது தண்ணீர் வேணுமா என்று கேட்டால், "வேண்டாம்" என்பார். கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரை நீட்டி மறுபடியும், "வேண்டாம்" என்பார். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று அர்த்தம்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முன் அறையில் தையல் மிஷின், கதவுக்குப் பின்னால் பொத்தான் வைக்காத சட்டைகள், எழுந்ததிலிருந்து படுக்கிறவரை அவள் கழுத்தில் அளவு நாடா. கணவரின் ஒற்றை வார்த்தைக்கு அவள் ஒரு அகராதியே போட்டு வைத்திருந்தாள். இழுத்துச் சொன்னால் வேணும். வெடுக்கென்று சொன்னால் நிஜமாகவே வேண்டாம். மூக்கால் சொன்னால் எங்கேயோ வலிக்கிறது. பார்க்க வந்தவர்கள் திருதிருவென்று முழிக்கும்போது, "எனக்கு எல்லாம் புரிஞ்சிடும், நீங்க கவலைப்படாதீங்க. காலமெல்லாம் கேட்ட வாய்தானே" என்று சொல்லிக்கொள்வாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. இடுப்பு ஒடிய வேலை பார்க்கிறவளுக்கும் பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறதே.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அந்த அகராதி அவளைக் குழப்பியது. தட்டை வைத்தால் நாலு வாய். அதற்கு மேல் வெடுக்கென்று ஒரு வேண்டாம். கெஞ்சினாலும் அதே. அதட்டினாலும் அதே. அவருடைய கால்சட்டைகளின் இடுப்பை அவள் பிடித்துத் தைத்தாள். பிறகு அதைப் பிரித்து இன்னும் உள்ளே பிடித்துத் தைத்தாள். கை கால் பயிற்சி கொடுக்க வரும் பெண், "இப்படியே போனா இவரால எழுந்து நிக்கவே முடியாதும்மா. தெம்பில்லாத உடம்பை வச்சுக்கிட்டு நான் என்ன பயிற்சி கொடுக்கறது?" என்று கடிந்துகொண்டு போனாள்.

காரணம் ஒரு காலையில்தான் பிடிபட்டது. வீட்டில் அப்போது தரையோடு தரையாக இருந்த பழைய கழிப்பறைதான். அதன் மேல் நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, கதவோரக் குழாயில் வாளித் தண்ணீர் பிடித்து, முடிந்ததும் அவள்தான் கழுவிவிடுவாள். அன்றைக்குக் கழுவிவிட்டு நிமிர்ந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடியிருந்தார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. சாப்பிட்டால் போகவேண்டும். போனால் இவள் கழுவவேண்டும். அதனால் மனுஷன் சாப்பாட்டையே நிறுத்திக்கொண்டு வருகிறார்.

"அடப்பாவி மனுஷா, நான் கழுவினா என்ன தேஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். "வேற யாரோவா நான்?"

"வேண்டாம்," என்றார் கண்டக்டர். குரலே எழும்பவில்லை.

பயிற்சிக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "நிறைய வீட்டுல இதேதாம்மா. உக்கார்ற மாதிரி கமோடு வையுங்க. பக்கத்துல கையில பிடிச்சு அடிக்கிற குழாய் ஒண்ணு வையுங்க. இவருக்கு இடது கை நல்லாத்தானே இருக்கு? எட்டுற தூரத்துல இருந்தா அவரே கழுவிப்பார். அப்புறம் பாருங்க, தட்டு காலியாகும்."

இதை வெளியூரில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னதுதான் தாமதம், அவன் குளியலறையையே புதுசாகப் பண்ணிவிடலாம் என்று கிளம்பிவிட்டான். கடல் நிற டைல்ஸ் என்று படம் படமாக அனுப்பினான். கண்ணாடியைச் சுற்றி விளக்கு, வழுக்காத தரை, இரண்டு பக்கச் சுவரிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி. நல்ல பிள்ளைதான், தப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அவனுக்கு அப்பா என்றால் போன் திரையில் தெரிகிற தலையும் தோளும்தான். அதற்குக் கீழே நடப்பதெல்லாம் அம்மா பொறுப்பு.

வேலைக்கு வந்த பிளம்பர் நெட்டையான ஆள். நாற்பதைத் தாண்டியவர், எத்தனையோ வீட்டுத் தொட்டிக்கடியில் குனிந்து குனிந்து தோள் முன்னால் சரிந்துபோயிருந்தது. எதைக் கேட்டாலும், "ஒண்ணும் பிரச்சனையில்லக்கா" என்று ஆரம்பிப்பார். அவர் அப்படி ஆரம்பித்தாலே ஏதோ பெரிய பிரச்சனை இருக்கிறது என்று டெய்லரம்மா சீக்கிரமே தெரிந்துகொண்டாள்.

"ஒண்ணும் பிரச்சனையில்லக்கா. தண்ணி பைப்பு இப்போ கதவோரம் இருக்கு. கமோடு பின் சுவத்தோரம் வருது. அதனால பைப்பை இங்கேயிருந்து எடுத்து, சுவத்துல பள்ளமா காடி வெட்டி, அங்கே கொண்டு போகணும். அந்த ஒரு பைப்புலயே ரெண்டு வழி வால்வு போட்டுட்டா, ஒண்ணு பின்னால இருக்கிற தண்ணித் தொட்டிக்கு, இன்னொண்ணு ஹெல்த் பாசெட்டுக்கு."

"அது என்ன?"

அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வளைந்த குழாய், நுனியில் அமுக்குவதற்கு ஒரு விசை.

"துப்பாக்கி மாதிரில்ல இருக்கு," என்றாள் டெய்லரம்மா. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பேர் துப்பாக்கி.

"கமோடுக்கு எந்தப் பக்கம் விடட்டும்க்கா?"

"இடது பக்கம், தம்பி. கண்டிப்பா இடது பக்கம்தான். அவருக்கு இடது கைதான் வேலை செய்யுது. மறந்துடாதே."

"இடது பக்கம். முடிஞ்சுபோச்சு. ஒண்ணும் பிரச்சனையில்ல."

இதில் எங்கே தப்பு வரும், சொல்லுங்கள்? கேட்டவர் தெளிவாகக் கேட்டார். சொன்னவள் அதைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

மறுநாள் பழைய கழிப்பறையை இடித்துவிட்டார்கள். அதோடு டெய்லரம்மாவின் உயிரும் பாதி போனது. வேலை முடிகிறவரை கண்டக்டருக்குப் படுக்கையோரத்தில் அந்த ஓட்டை நாற்காலியும் அடியில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் சட்டியும். அதைத் துணி போட்டு மூடி, மாடிப்படி ஏறி, மாடி வீட்டுக்காரர்களின் கழிப்பறையில் கொட்டிக் கழுவி எடுத்து வரவேண்டும். மாடி வீட்டம்மா முகம் சுளிக்கவில்லை, பாவம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்துவிட்டு உள் அறைக்குள் போய்விடுவாள். டெய்லரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படி, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு படி என்று ஏறுவாள். மெத்தையிலும் மிஷினிலும் சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் தூசி. வாங்கி வைத்த துணிகளெல்லாம் தைக்கப்படாமல் கிடந்தன. தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

கண்டக்டருக்கோ வேலை நடப்பதைப் பார்க்கவேண்டும். சக்கர நாற்காலியைக் குளியலறை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிக் கை காட்டி, நாளெல்லாம் அங்கேயே இருப்பார். இடிக்கிற சத்தமும் தூசியும் அவருக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. வண்டி இரைச்சலில் வாழ்ந்தவர்தானே.

பிளம்பர் பின் சுவரில் பென்சிலால் கோடு போட்டது ஒரு மத்தியானம். டெய்லரம்மா அப்போது சட்டியோடு மாடியில் இருந்தாள். கீழேயிருந்து கண்டக்டரின் சத்தம் கேட்டது. "வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!" நிறுத்தவே இல்லை. என்னவோ ஏதோ என்று அவள் அரக்கப்பரக்க இறங்கி வந்தாள். அவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. பிளம்பர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு திகைத்து நின்றார்.

"அண்ணன் என்னக்கா சொல்றாரு? ஏதாவது பிடிக்கலையா?"

அவளுக்கு மூச்சு இரைத்தது. கையில் காலிச் சட்டி. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. "அவர் எல்லாத்துக்கும் அதையேதான் சொல்வாரு தம்பி. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு," என்றாள். பிறகு அவரிடம், "சும்மா இருங்களேன் கொஞ்ச நேரம். தலையே வெடிச்சிடும் போல இருக்கு," என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் விட்டாள்.

அவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வாசலுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கை காட்டவுமில்லை. டெய்லரம்மாவும், அப்பாடா, ஒரு வேலை குறைந்தது என்று இருந்துவிட்டாள்.

காடி வெட்டி, பைப்பு பதித்து, பூசி, மேலே டைல்ஸ் ஒட்டி, கமோடும் வந்து உட்கார்ந்தது. பைப்பு வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரில் வாஷ்பேசின். கடைசியாக வால்வைத் திருகி, துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "வாங்கக்கா, வந்து பாருங்க," என்று பிளம்பர் கூப்பிட்டார். அழகாகத்தான் இருந்தது. மகன் சொன்ன கடல் நிறம் கண்ணுக்குக் குளுகுளுவென்றிருந்தது. இனிமேல் மாடிப்படி இல்லை, சட்டி இல்லை. அந்த ஒன்றை நினைத்தே அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

கண்டக்டரைக் கூட்டிவந்து இருவருமாகப் பிடித்து, உடுப்போடேயே ஒரு ஒத்திகைக்கு உட்காரவைத்தார்கள்.

"துப்பாக்கியை எடுங்க பாப்போம்," என்றாள் டெய்லரம்மா சிரித்துக்கொண்டே.

கண்டக்டர் எடுக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு இடது பக்கம் வெறும் டைல்ஸ்.

டெய்லரம்மா பிளம்பர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி," என்றாள் அவள். "இடது பக்கம்னு சொன்னேனே."

"இடது பக்கம்தானேக்கா வச்சிருக்கேன்." பிளம்பர் கமோடுக்கு எதிரே போய் நின்று இடது கையை நீட்டினார். "இதோ என் இடது கை. இதோ பைப்பு."

"நீ சுவத்தைப் பாத்து நிக்கிற. உக்கார்றவர் எந்தப் பக்கம் பாத்து உக்காருவாரு?"

"வேலை செய்யறவன் சுவத்தைப் பாத்துத்தானேக்கா நிக்கணும்? பைப்பு சுவத்துலதானே இருக்கு?"

"அதுக்காக? உலகத்துல எவனாவது கக்கூசுல சுவத்தைப் பாத்து உக்காருவானா?"

"அப்படின்னா நீங்க உக்கார்றவருக்கு இடதுன்னு சொல்லியிருக்கணும்."

"இதையெல்லாம் சொல்லுவாங்களா? உன் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு?"

பிளம்பர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "இடது பக்கம்."

"எனக்கு எதிர்ல நிக்கும்போது அது எனக்கு எந்தப் பக்கம் தெரியும்? வலது பக்கம். அதுக்காக நான் அதை வலதுன்னு சொன்னேனா? சட்டை போடறவனுக்கு எது இடதோ அதுதான் இடது. தைக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து எனக்கு இதுதான் கணக்கு."

"எனக்குச் சுவர்தான்க்கா கணக்கு," என்றார் பிளம்பர் பரிதாபமாக.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? நடுவில் கண்டக்டர் கமோடின் மேல் உட்கார்ந்து இவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பிரச்சனையில்லக்கா," என்றார் பிளம்பர். "நீளமான குழாயா ஒண்ணு வாங்கிட்டு வந்து, தொட்டிக்குப் பின்னாலேயே சுத்தி அந்தப் பக்கம் மாட்டிடறேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

வாங்கி வந்து மாட்டியும் விட்டார். கண்டக்டர் இடது கையால் எடுத்தார். குழாய் தொட்டிக்குப் பின்னால் எங்கேயோ மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவர் ஓங்கி இழுத்தார். குழாய் சட்டென்று விடுபட்டு வர, இழுத்த வேகத்தில் ஆள் இடது பக்கமாகச் சரிந்தார். பிளம்பர் பாய்ந்து தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் மண்டை கம்பியில் மோதியிருக்கும். துப்பாக்கி தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுக்க அவரால் ஆகாது.

மகனுக்குப் போன் போட்டாள். துணி மடித்துக்கொண்டே பேசவேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினாள். அது அடுத்த முட்டாள்தனம். கண்டக்டர் பக்கத்திலேயே இருந்தார்.

"டைல்ஸை உடைக்கறதா? அம்மா, அந்த டைல்ஸ் இப்போ கடையில இல்லவே இல்ல. உடைச்சா அதே நிறம் கிடைக்காது. அந்தச் சுவரே அசிங்கமாயிடும்."

"அப்பாவுக்கு எட்டலையேப்பா."

"இப்பவும் நீதானே கழுவிவிடறே? அதுவே தொடரட்டுமே. முன்னாடி வாளியும் குவளையுமா பண்ணினே. இப்போ குழாய் இருக்கு. உனக்கு எட்டுதுல்ல? அப்புறம் என்ன?"

அவன் கெட்டவனாகச் சொல்லவில்லை. டெய்லரம்மாவுக்கே அந்த நேரத்தில் அது சரியென்றுதான் பட்டது. மறுபடி சுவரை உடைப்பது என்றால் மறுபடி தூசி, மறுபடி பூச்சு காய்கிறவரை காத்திருப்பு, மறுபடி அந்தச் சட்டி, அந்த மாடிப்படி. அவளுக்கு அந்தப் படிகளை நினைத்தாலே முழங்கால் கெஞ்சியது. போதும், யாராவது போதும் என்று சொன்னால் போதும் என்றிருந்தது. "சரிப்பா, பாக்கலாம்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கண்டக்டருக்குச் சாப்பாடு போட்டு எடுத்து வந்தாள். தட்டை மடியில் வைப்பதற்கு முன்பே அவர் இடது கையால் அதைத் தள்ளினார்.

"வேண்டாம்."

நாலு வாய்கூட இல்லை. ஒரு வாய்கூட இல்லை. வெடுக்கென்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வெடுக்கைக் கேட்டதும்தான் அவளுக்கு அன்றைய மத்தியானம் நினைவுக்கு வந்தது. மாடியில் இருந்தபோது கேட்ட சத்தம். இழுத்துச் சொன்னதா? இல்லை. மூக்கால் சொன்னதா? இல்லை. வெடுக் வெடுக்கென்று, தெருவுக்கே கேட்கும்படி, படியில் தொங்குகிறவனை அதட்டுகிற அதே குரலில் மனுஷன் கத்தியிருக்கிறார். எனக்கு எல்லாம் புரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், அவர் எல்லாத்துக்கும் அதையேதான் சொல்வார் என்று சொல்லிவிட்டாள். அவர் எதிரிலேயே சொன்னாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க. அன்னைக்கு அந்தத் தம்பி சுவத்துல கோடு போட்டப்போ, பக்கம் தப்புன்னா சொன்னீங்க?"

கண்டக்டர் திரும்பினார். அவளையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தன் இடது தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு. வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அவருக்கு இருந்த ஒரே வார்த்தையைத்தான் அன்றைக்கே சொல்லிவிட்டாரே.

"நான்தாங்க பாவி," என்றாள் டெய்லரம்மா. "கேட்டிருந்தா பென்சில் கோட்டை அழிச்சிருந்தா போதும். என் காது எங்கே போச்சு?" அவர் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, "வேண்டாம், வேண்டாம்," என்றார். அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பிளம்பர் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, பிரிச்சுடு."

"என்னக்கா?"

"சுவத்தைப் பிரிச்சுடு. சட்டைக்குக் கை வச்சுத் தைக்கும்போது தப்பாயிட்டா நான் அதைப் பிரிக்க மாட்டேனா? போட்டுக்கறவனால கையைத் தூக்க முடியலன்னா, தச்சது எவ்வளவு அழகா இருந்து என்ன?"

"டைல்ஸ் பொருந்தாதுக்கா. ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்."

"தெரியட்டும். ஒட்டுப் போட்ட சட்டையை யாரும் போட்டதே இல்லையா?"

பிளம்பர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் வீடு போய்ச் சேரவேண்டும். ஆனால் பையைத் திறந்து உளியை எடுத்தார். "வாஷ்பேசினுக்குப் போற பைப்பு அண்ணனுக்கு இடது பக்கச் சுவத்துலதான் இருக்கு. அதுல ஒரு கிளை போட்டுக் கீழே இறக்கிடறேன். வால்வை முழுசா இந்தப் பக்கம் மாத்திட்டா, தொட்டிக்கும் பாசெட்டுக்கும் இங்கேயிருந்தே தண்ணி போயிடும். முன்னாடி போட்ட பைப்பை அடைச்சுடறேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "கோடு போடறதுக்கு அண்ணனைக் கூட்டிட்டு வாங்கக்கா," என்றார்.

கண்டக்டரை மறுபடி கமோடில் உட்காரவைத்தார்கள். பிளம்பர் பென்சிலைச் சுவரில் வைத்து, "இங்கேயாண்ணே?" என்றார். "வேண்டாம்." கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "இங்கே?" "வேண்டாம்." இன்னும் கொஞ்சம் கீழே. "இங்கே?"

"வேண்டாஆம்," என்று இழுத்தார் கண்டக்டர், பேருந்தை நிறுத்தச் சொல்கிற மாதிரி.

"அங்கேதான்," என்றாள் டெய்லரம்மா. "கோடு போடு."

பிளம்பர் உளியை வைத்து ஓங்கி அடித்தார். கடல் நிறம் விரிசல் விட்டு விழுந்தது. மகனுக்குச் சொல்லவில்லை, பிறகு சொல்லிக்கொள்ளலாம். மறுபடி தூசி பறந்தது, மறுபடி சட்டி வந்தது, மறுபடி அவள் மாடிப்படி ஏறினாள். முழங்கால் ஒன்றும் இரக்கம் காட்டவில்லை. ஏறும்போது திட்டிக்கொண்டே ஏறினாள், பிளம்பரை, மகனை, படியைக் கட்டினவனை, கடைசியில் தன்னை. உடைத்த இடத்தில் ஒட்டக் கடல் நிறம் கிடைக்கவில்லை. வெள்ளையில் ஒரு வரிசை ஒட்டினார்கள். பார்க்கிறவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

எல்லாம் காய்ந்து முடிந்த காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். உடுப்பை இறக்கி, கம்பியைப் பிடிக்கவைத்து உட்காரவைத்தாள். இடது கை பக்கத்தில், தொங்கப்போட்ட கை தானாகப் போய்த் தொடுகிற இடத்தில் துப்பாக்கி. கண்டக்டர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, விசையை அமுக்கினார். தண்ணீர் நேராக டெய்லரம்மாவின் முகத்தில் அடித்தது. "அய்யோ! என்னைச் சுடறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்!" என்று அவள் கத்தினாள். பக்கவாதம் வந்த பிறகு முதல் தடவையாக அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவளும் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, தாடையால் கதவைக் காட்டினார்.

அவள் வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். முழுக்கச் சாத்த மனசு வராமல் ஒரு விரற்கடை விட்டாள். பிறகு அதையும் சாத்தினாள். மிஷினுக்கு முன்னால் கிடந்த முக்காலியை இழுத்து வந்து கதவோரமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

வழக்கமாக இந்த நேரத்தில் அவள் கை ஈரமாக இருக்கும், இடுப்பு வளைந்திருக்கும். இப்போது இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. அளவு நாடாவைச் சுருட்டினாள், விரித்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. விழுந்துவிட்டாரா? எழுந்திருக்கப் போனாள். அப்போது தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி அடித்தது. நிறுத்தி நிறுத்தி, அவசரமே இல்லாமல், தன் வேலையைத் தானே பார்க்கிற ஒருவரின் சத்தம்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, முடிஞ்சுதா? நான் வரட்டுமா?"

"வேண்டாம்."

இழுக்கவில்லை. மூக்கால் சொல்லவில்லை. டெய்லரம்மா ஒரு கணம் காதைக் கதவில் வைத்து, சரியாகத்தான் கேட்டோமா என்று யோசித்தாள். சரியாகத்தான் கேட்டிருந்தாள்.

மறுபடி முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டாள்.